மாதம் இரண்டு கூட்டம், ஒன்பது பேர், விட்டுப்போன ஒரு பந்தி

ஒழுங்கைக் கடைசி வீடு | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு சேவைக் கழகத்துக்கு இந்த ஜூலையிலிருந்து நான் செயலாளர். கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்குத் திருநெல்வேலிச் சந்தையில் நிம்மதியாக ஒரு பிடி கீரை வாங்க முடியாது.

எங்கள் யாப்பின்படி முதலாம், மூன்றாம் ஞாயிறுகளில் மாலை நான்கு மணிக்குக் கூட்டம். பதிவேட்டில் முப்பத்திரண்டு பேர். இன்று வந்தவர்கள் ஒன்பது பேர். நான்கு மணிக் கூட்டம் நான்கு நாற்பதுக்குத் தொடங்கியது. இறைவணக்கம், தலைவர் உரை, சென்ற கூட்டத்தின் அறிக்கை வாசிப்பு. வாசிக்கும்போது நான் ஒரு பந்தியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. "முன்மொழிகிறேன்" என்றார் ஒருவர். "வழிமொழிகிறேன்" என்றார், கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமலே இன்னொருவர்.

பிறகு பதாகைக்கு வந்தோம். அடுத்த மாதம் கற்றல் உபகரணங்கள் வழங்கும் நிகழ்வு இருக்கிறது. பதாகையில் யார் பிரதம விருந்தினர், யார் சிறப்பு விருந்தினர், யார் கௌரவ விருந்தினர், போஷகரின் படம் தலைவரின் படத்துக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்பதற்கு ஐம்பத்தைந்து நிமிடம் போனது. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தேன். எந்தப் பாடசாலை, எத்தனை பிள்ளைகள், என்ன கொப்பி என்பதற்கு ஆறு நிமிடம்.

கூட்டத்தை மாதம் ஒன்றாக்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். சில இளம் உறுப்பினர்கள் கூட்டமே வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் பேசி முடிக்கலாம் என்கிறார்கள். இப்படியான கழகங்களில் இருந்தவர்கள், இருப்பவர்கள் சொல்லுங்கள். கூட்டம் என்று ஒன்று எதற்கு?


கறுத்தக்கொழும்பான் | ஞாயிறு, இரவு 10.15

நிறுத்துங்கள் தம்பி. ஆறு வருடம் நானும் ஒரு கழகத்தில் இருந்தேன். கண்ட பலன் ரோல்ஸும் பற்றிஸும் தின்று ஏறிய கொலஸ்ட்ரோல்.

கடைசியாக நான் போன நிகழ்வில் எண்ணிப் பார்த்தேன். மேடையில் பொன்னாடை போர்த்தப்பட்டவர்கள் பதினான்கு பேர். கொப்பி வாங்க வந்த பிள்ளைகள் பதினொரு பேர். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆசியுரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் முடியும்வரை அந்தப் பதினொன்றும் வெயிலில் காய்ந்தன. ஒரு பிள்ளை கதிரையிலேயே தூங்கிவிட்டது. அதை எழுப்பித்தான் கொப்பியைக் கொடுத்துப் படமெடுத்தார்கள்.

நாலு பேர் மண்வெட்டியோடு வந்தால் சிரமதானம் நடக்கும். நாற்பது பேர் கூடினால் கூட்டம்தான் நடக்கும்.


பழைய பொருளாளர் | திங்கள், காலை 6.05

தம்பி ஒழுங்கைக் கடைசி வீடு, நீங்கள் எழுதியதில் ஒரு வசனம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பந்தியை விட்டுவிட்டு வாசித்தேன் என்கிறீர்கள். எந்தப் பந்தி அது? அதைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம்.

நான் வேறொரு கழகத்தில் பதினொரு வருடம் பொருளாளராக இருந்தவன். கறுத்தக்கொழும்பான் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான். அந்தப் பொன்னாடைகளுக்குப் பற்றுச்சீட்டு எழுதியவனே நான். ஆனாலும் கூட்டத்தை நிறுத்தச் சொல்வது, தலையிடி என்று தலையை வெட்டுகிற கதை.

இந்த வகைக் கழகங்கள் எப்படித் தொடங்கின என்று பாருங்கள். 1905 பெப்ரவரி 23ஆம் திகதி சிக்காகோவில் போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணி மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலக அறையில் இருந்தார். ஒருவர் சுரங்கப் பொறியியலாளர், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் தையற்காரர். அடுத்த கூட்டம் இன்னொருவருடைய இடத்தில், அதற்கடுத்தது வேறொருவருடைய இடத்தில் என்று சுழற்சியாகக் கூடினார்கள். றோட்டரி என்ற பெயரே அந்தச் சுழற்சியிலிருந்து வந்ததுதான். அதாவது முதலில் இருந்தது கூட்டம். சேவை பின்னால் வந்தது. அவர்கள் ஊருக்கென்று எடுத்த முதல் முயற்சி என்ன தெரியுமா? சிக்காகோ மாநகர மண்டபத்துக்கு அருகே பொதுக் கழிப்பறை. 1907இல் அதற்காக அலையத் தொடங்கினார்கள். கழிப்பறைக்கு யார் பொன்னாடை போர்த்துவது?

வரவு விடயத்திலும் அந்தக் காலத்தில் கண்டிப்பு. வாராவாரம் கூட்டம், தொடர்ந்து நான்கு கூட்டத்துக்கு வராவிட்டால் உறுப்புரிமையே போகலாம். வெளியூர் போனால் அந்த ஊர்க் கழகத்தின் கூட்டத்துக்குப் போய் வரவை ஈடுசெய்ய வேண்டும். 2016இல்தான் விதியைத் தளர்த்தி, மாதத்தில் இரண்டு முறையாவது கூடினால் போதும், இணையவழியும் ஆகலாம் என்றார்கள். உலகம் முழுக்க இதே தலையிடி இருந்தபடியால்தான் அந்தத் தளர்வு வந்தது. உங்கள் ஒன்பது பேரை நினைத்து வெட்கப்படத் தேவையில்லை.


ஒழுங்கைக் கடைசி வீடு | திங்கள், பகல் 12.50

ஐயா, கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். மதிய இடைவேளையில் அறிக்கைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.

பெப்ரவரி மாதத்து முதற்கூட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது: "தீவகத்தில் உள்ள முன்பள்ளி ஒன்றின் கிணற்றுக்கு இரும்பு வலை மூடியும் கப்பியும் போட்டுக் கொடுப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. பொறுப்பு: உறுப்பினர் இருவர்." அதற்கடுத்த கூட்டத்தில், "மேற்படி விடயம் தொடர்பில் நடவடிக்கை எடுக்கப்படுகிறது." மார்ச்சில் அதே வசனம். ஏப்ரலில் அதே வசனம். பதினொரு இடத்தில் எண்ணினேன். கையெழுத்து மட்டும் மாறுகிறது. ஜூலையிலிருந்து என் கையெழுத்து. அந்தப் பந்தியைத்தான் விட்டுவிட்டு வாசித்தேன். வாசிக்க எனக்கே சலிப்பாக இருந்தது.

பொறுப்பெடுத்த இருவரில் ஒருவர் இப்போது கனடாவில் இருக்கிறார்.


கறுத்தக்கொழும்பான் | திங்கள், பகல் 1.10

பார்த்தீர்களா? பதினொரு கூட்டம் கூடியும் ஒரு கப்பி போகவில்லை. நான் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?


பழைய பொருளாளர் | திங்கள், மாலை 5.30

இதையே நான் மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன். அந்தப் பதினொரு வசனமும் அறிக்கைப் புத்தகத்தில் இல்லாவிட்டால், இன்றைக்கு அந்தக் கிணறு இந்த உலகத்தில் யாருக்காவது ஞாபகம் இருக்குமா? வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் பெப்ரவரியிலேயே யாரோ ஒருவருடைய பிறந்தநாள் கேக் படத்துக்குக் கீழே புதைந்து போயிருக்கும்.

கூட்டம் எதற்கு என்று கேட்டீர்கள். என் பதில் ஒன்றுதான். "போன முறை செய்கிறேன் என்றாயே, செய்தாயா?" என்று ஒருவனை மற்றவர்கள் முன்னிலையில் முகத்தைப் பார்த்துக் கேட்பதற்கு. கேட்காவிட்டால் கூட்டம் வெறும் தேநீர் விருந்து. கேட்டால் ஒன்பது பேர் தாராளம்.

நோய்க்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் கழகங்களில் ஜூலை முதலாம் திகதி தலைவர் மாறுவார். புதியவருக்குப் புதிய திட்டம் வேண்டும், தன் பெயர் சொல்ல. பழைய தலைவர் தொடங்கி வைத்தது அநாதைப் பிள்ளை. அதை வளர்த்தால் பேர் அவருக்கு, வளர்க்காவிட்டால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. உங்கள் கிணறு பெப்ரவரியில் பிறந்து ஜூலையில் அநாதையானது. சரிதானா?


மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 7.00

இதுவரை மரியாதையாகப் போகிறது, அப்படியே போகட்டும். எந்தக் கழகம், எந்த முன்பள்ளி என்று ஊகித்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.


குறிகட்டுவான் பாதை | திங்கள், இரவு 9.20

தீவகத்திலிருந்து எழுதுகிறேன். வாங்குகிற பக்கத்தில் நிற்பவர்களும் ஒரு சொல் சொல்லலாம்தானே.

ஒரு வருடம் எங்கள் பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகள் பத்துப் பேருக்குத் துவிச்சக்கரவண்டி கொடுத்தார்கள். எந்தக் கழகம் என்பது முக்கியமில்லை. நல்ல மனது, நல்ல வண்டிகள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் விழா யாழ்ப்பாண நகரத்தில். பிள்ளைகளையும் தாய்மாரையும் காலை ஆறு மணி பஸ்ஸில் வரச் சொன்னார்கள். போனோம். கைதட்டினோம். படமெடுத்தார்கள். பன்னிரண்டரைக்கு மண்டபம் காலியானது. வாசலில் பத்துப் பிள்ளை, பத்துச் சைக்கிள், கைப்பிடியில் சிவப்பு நாடா. பஸ்ஸில் சைக்கிள் ஏற்ற முடியாது.

ஓகஸ்ட் மாதம் அது. சோழகக் காற்று எப்படி வீசும் என்று பண்ணைப் பாலத்தில் சைக்கிள் மிதித்தவனுக்குத்தான் தெரியும். நகரத்திலிருந்து எங்கள் பக்கம் வருவதென்றால் வழி முழுக்க அந்தக் காற்று முகத்தில்தான் அடிக்கும். பெரிய பையன்கள் மூன்று பேர் மிதித்தே வருகிறோம் என்று கிளம்பினார்கள். அல்லைப்பிட்டி தாண்டியதும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மிச்சத்துக்கு ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பிடித்தோம். ஆறாயிரம் ரூபா. தாய்மார் ஆளுக்கு அறுநூறு போட்டுத்தான் இலவசச் சைக்கிள் வீடு வந்து சேர்ந்தது.

ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமிக்குப் பெரியவர்கள் ஓட்டும் அளவில் வண்டி கிடைத்தது. இருக்கையைக் கடைசிவரை இறக்கியும் கால் எட்டவில்லை. அவளுடைய அண்ணன் இப்போது அதில் மீன் கொண்டு போகிறான். பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் இன்னும் நடந்துதான் போகிறாள்.

நாங்கள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் தெரியுமா? வண்டியை இங்கே கொண்டுவந்து தாருங்கள், ஒரு காற்றுப் பம்பியும் ஒட்டுப்போடும் சாமானும் பாடசாலையில் வைத்துவிட்டுப் போங்கள். அவ்வளவுதான்.


ஸ்காபுறோப் பனி | செவ்வாய், காலை 8.45

இங்கிருந்து காசு அனுப்புகிற ஆட்களில் நானும் ஒருவன். எல்லோரும் பதாகையையும் படத்தையும் திட்டுகிறீர்கள். ஒரு விடயத்தைச் சொல்ல விடுங்கள். படத்தைக் கேட்பவர்கள் நாங்கள்தான். பல வருடத்துக்கு முன் எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்று கட்டடத்துக்கென்று சேர்த்த காசு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அந்தச் சூட்டுக்குப் பிறகு படம் இல்லாமல் ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று இருக்கிறோம். இரண்டு வேலை செய்து அனுப்புகிற காசு இது.

அக்குறும்புக்காக ஒன்றையும் சொல்கிறேன்: பதாகையில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் பெயர் சிறிய எழுத்தில் வந்துவிட்டது என்று இங்கே ஒரு கூட்டம் ஒன்றரை மணித்தியாலம் நடந்தது. யாழ்ப்பாணத்தான் எங்கே போனாலும் யாப்பையும் கொண்டுதான் போகிறான்.


பழைய பொருளாளர் | செவ்வாய், காலை 9.30

ஸ்காபுறோத் தம்பி, பயப்படுவது நியாயம். ஆனால் நீங்கள் கேட்பது பிழையான சாமான். கொடுக்கிற நாளில் எடுத்த படம் எதை நிரூபிக்கும்? ஒரு பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியதை. அதே சைக்கிளை அடுத்த மேடையிலும் மாற்றலாம், அப்படியும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

கடைக்காரரின் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கணக்காய்வாளர் கையெழுத்திட்ட வருடாந்தக் கணக்கைக் கேளுங்கள். படம் வேண்டுமென்றால் ஆறு மாதம் கழித்து ஒரு படம் கேளுங்கள், சைக்கிள் எந்த நிலையில் இருக்கிறது என்று. அந்த ஒரு கேள்வி போதும், இங்கே பலருக்கு வேர்க்கும்.


செம்பருத்தி | செவ்வாய், இரவு 8.10

நான் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். இரத்ததான முகாம்களோடு பல வருடம் பழக்கம் உண்டு. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கழகங்களுக்கு இரத்ததானம் பிடிக்கும். செலவு குறைவு, படம் நன்றாக வரும். ஆண்டு நிறைவு, தலைவர் பதவியேற்பு, நினைவு தினம் என்று நாள் பார்த்து வைப்பார்கள். எல்லோருக்கும் நல்ல நாள் ஒன்றாகவே வந்துவிடும். ஒரே வாரத்தில் மூன்று முகாம். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்றுமில்லை. இரத்தம் பெட்டகத்தில் வைக்கிற நகையில்லை. சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம் தாங்கும். குருதிச் சிறுதட்டுகள் ஐந்து நாள்தான். கொடுத்தவர் மறுபடி கொடுக்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு நாளில் நூறு பேரைக் கூட்டுகிற கழகத்தைவிட, இருபத்தைந்து பேராகப் பிரித்து வருடம் முழுக்க அனுப்புகிற கழகம்தான் எங்களுக்குச் சொர்க்கம். படத்தில் இருபத்தைந்து பேர் குறைவாகத்தான் தெரிவார்கள், என்ன செய்வது.

இதைச் செய்யக் கூட்டம் கட்டாயம் வேண்டும், தம்பி. ஒரு கொப்பியில் உறுப்பினர் பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த திகதி. மாதக் கூட்டத்தில் அந்தக் கொப்பியைத் திறந்து, நான்கு மாதம் யார் யாருக்கு முடிந்துவிட்டது என்று பார்த்தால் போதும். பத்து நிமிட வேலை. நான் பார்த்ததில் ஒரேயொரு கழகம்தான் அப்படி வைத்திருந்தது. வைத்திருந்தவர் ஒரு தையற்கடைக்காரர். அளவு எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்.

இன்னொன்று, கோபத்தோடு. முப்பத்திரண்டு பேர் என்றீர்கள், அதில் பெண்கள் எத்தனை? லயன்ஸ் 1987இலும் றோட்டரி 1989இலும் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. எங்கள் ஊரில் பல இடங்களில் கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் ஞாயிறு மாலை நான்கு மணி என்று நேரம் வைப்பவர்கள் யார்? அந்த நேரத்தில் எந்தப் பெண்ணால் வீட்டை விட்டுக் கிளம்ப முடியும்? பிறகு "பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை" என்று அறிக்கையில் எழுதுவார்கள். தேநீர் ஊற்ற மட்டும் நேரம் பொருந்திவரும்.


மூன்றாம் வருடம் | புதன், அதிகாலை 12.35

பல்கலைக்கழக மாணவன். எங்களுக்கும் ஒரு இளையோர் கழகம் உண்டு. வாட்ஸ்அப் கட்சியில் நானும் இருந்தேன், இப்போது இல்லை. காரணம் சொல்கிறேன்.

போன வருடம் டெங்கு ஒழிப்புச் சிரமதானம். குழுவில் அறிவித்ததும் நாற்பத்தொரு பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். சனிக்கிழமை காலை வந்தது எட்டுப் பேர். கட்டைவிரலுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது.

அதைவிடப் பெரிய பிழை, வருடத்தில் ஒருநாள் செய்தது. டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் பட்டதிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டையோ தண்ணீர் இல்லாமல் சிரட்டையின் ஓரத்தில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்கு உயிர்க்கும். யாழ்ப்பாணக் கரையோரத்தில் நடந்த ஆய்வுகளில் ஓரளவு உவர்ப்பான நீரிலும் இந்த நுளம்பு பெருகுவதைக் கண்டிருக்கிறார்கள், அதனால் உப்புத்தண்ணீர்க் கிணறுதானே என்றும் இருக்க முடியாது. மாரி மழை தொடங்கிவிட்டால் மார்கழி, தை மாதங்களில் இங்கே காய்ச்சல் ஏறும். அப்படியிருக்க நாங்கள் ஐப்பசியில் ஒருநாள் கூட்டித் துப்பரவாக்கிப் படம் போட்டோம். அடுத்த சனிக்கிழமையே நுளம்பு தன் கூட்டத்தை வைத்திருக்கும், முழு வரவோடு.

இந்த வருடம் வேறு மாதிரிச் செய்யப் போகிறோம். இரண்டே ஒழுங்கைகள், வாராவாரம், பன்னிரண்டு வாரம். ஒழுங்கைக்கு மூன்று பேர். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லிவிட்டோம், "முதலில் நாலு வாரம் செய்து காட்டுங்கள்" என்று சிரித்தார்.

பனம்விதைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வீதியோரம் ஐந்நூறு விதை நாட்டினோம். தை மாதம் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கக் குழி. யாரோ கிழங்கு கிண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கோபம் வரவில்லை, நாங்கள் பார்க்கப் போனதே மூன்று மாதம் கழித்து.


கறுத்தக்கொழும்பான் | புதன், காலை 7.20

கிழங்கை அவித்தாவது தின்றார்களே, அதுவே உங்கள் கழகத்தின் சிறந்த உணவு விநியோகம்.

சரி, செம்பருத்தி அக்கா சொன்ன கொப்பி விடயம் எனக்குப் பிடித்தது. ஆனால் என் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு கிராமத்துக்கு ஒரு சனசமூக நிலையம் இருக்கிறது, வாசிகசாலை இருக்கிறது, மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், கிராம அபிவிருத்திச் சங்கம் எல்லாம் இருக்கின்றன. அதற்கு மேல் கோட் போட்ட கழகம் எதற்கு?


பழைய பொருளாளர் | புதன், காலை 8.00

கோட்டைக் கழற்றச் சொல்லுங்கள், நானும் சேருகிறேன். இந்த வெக்கையில் அது ஒரு தண்டனை.

ஆனால் எங்கள் மண்ணிலும் இது கோட்டோடு வந்த பழக்கமில்லை. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் புத்தகங்களை வைத்து இலவசமாக வாசிக்கக் கொடுத்தார். நீதிமன்றத்தில் எழுதுவினைஞர் வேலை பார்த்தவர். தனியாளாக அது எவ்வளவு தூரம் போகும்? 1934 ஜூனில் மத்திய கல்லூரியில் ஒரு கூட்டம் கூட்டினார்கள், குழு அமைத்தார்கள். ஓகஸ்டில் ஆசுபத்திரி வீதியில் ஒரு வாடகை அறை, 844 புத்தகம். அதுதான் யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் வித்து. 1959இல் கட்டடம் திறந்ததும், 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜூனில் பேசியது ஓகஸ்டில் கதவு திறந்திருக்கிறது, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இரண்டு மாதம். உங்கள் கப்பிக்கு ஏழு மாதம்.

வெளிக் கழகத்துக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு சனசமூக நிலையத்தால் தனியே முடியாத காரியங்கள் இருக்கின்றன. போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். றோட்டரி 1985இல் அதைக் கையிலெடுத்தது. இலங்கையில் கடைசி நோயாளி பதிவானது 1993இல். தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது 2014இல். சுகாதாரத் திணைக்களமும் தாதிமாரும் தாய்மாரும் செய்ததுதான் பெரும்பங்கு, ஆனால் முப்பது வருடம் ஒரே விடயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதற்கு ஒரு அமைப்பு வேண்டியிருந்தது. அத்தனை தலைவர்கள் ஜூலை ஜூலையாக மாறியும் அது மாறவில்லை பாருங்கள்.


குறிகட்டுவான் பாதை | புதன், பகல் 11.15

போலியோ சரி ஐயா. கிணறு என்னாயிற்று? இங்கே முன்பள்ளிக் கிணறுகள் பலவற்றின் கட்டு ஒரு முழம்தான். மூன்று வயதுப் பிள்ளை எட்டிப் பார்க்கிற உயரம்.


ஒழுங்கைக் கடைசி வீடு | ஞாயிறு, இரவு 10.05 (மூன்று வாரத்துக்குப் பின்)

மன்னிக்கவும், பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. குறிகட்டுவான் பாதை கேட்ட அந்தக் கேள்விக்கு, போய்ப் பார்க்காமல் பதில் எழுத வாய் வரவில்லை.

முதல் ஞாயிற்றுக் கூட்டத்தில் நிகழ்ச்சிநிரலை மாற்றினேன். இறைவணக்கம் முடிந்ததும் முதலாவது விடயம், "சென்ற கூட்டத்தில் ஏற்றுக்கொண்ட வேலைகள்". தலைவர் உரை கடைசியில். தலைவர் முகம் கறுத்துவிட்டது. அதை மறைத்து எழுதி என்ன பயன். செம்பருத்தி அக்கா சொன்னதை எடுத்துச் சொல்லி நேரத்தையும் மாற்றக் கேட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒருமுறை பார்ப்போம் என்றார்கள், பரீட்சார்த்தமாக. பெண்கள் எத்தனை என்ற கேள்விக்குப் பதில்: மூன்று பேர். மூவரும் மூத்த உறுப்பினர்களின் மனைவிமார்.

அறிக்கையை வாசித்தேன். இந்த முறை அந்தப் பந்தியை விடவில்லை. பதினொரு வசனத்தையும் திகதியோடு ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். ஐந்தாவது, ஆறாவது வாசிக்கும்போது கைபேசிகள் கீழே போயின. எட்டாவதில் யாரோ சிரித்தார்கள். பத்தாவதில் ஒருவரும் சிரிக்கவில்லை. பொறுப்பெடுத்த இருவரில் ஊரில் இருப்பவர் எழுந்து, "நான் இதுவரை அந்த இடத்துக்கே போகவில்லை" என்றார். அறுபத்தெட்டு வயது. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது, அவரை அப்படி நிற்க வைத்ததற்கு. ஆனால் அடுத்த சனிக்கிழமை காலை ஆறரைக்கு என் படலையில் வந்து ஹோர்ன் அடித்தவர் அவர்தான்.

போய் அளவெடுத்தோம். கிணற்றின் வாய் நாங்கள் நினைத்ததைவிடப் பெரிது. ஆசிரியை ஒரு பழைய மீன்வலையைக் குறுக்கே கட்டி, நாலு பக்கமும் கல் வைத்திருந்தார். வலையின் நடுவில் ஒரு சிறுபிள்ளைச் செருப்பு கிடந்தது. காற்றில் விழுந்திருக்கும், அல்லது எறிந்து விளையாடியிருப்பார்கள். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

நகரத்துக்குத் திரும்பி ஒட்டு வேலைக்காரரிடம் சொல்லி, இரு கதவாகத் திறக்கும்படி வலை மூடி செய்வித்தோம். பதாகைக்கு ஒதுக்கிய காசு அதற்குப் போனது. விருந்தினர் பெயர் எதுவுமில்லாமல் ஒரு சிறிய பதாகை மட்டும் அடிப்பது என்று தீர்மானம். போஷகர் இன்னும் என்னோடு பேசவில்லை. நேற்றுக் கொண்டுபோய்ப் பூட்டினோம். மூடியில் ஏறி நின்று பார்த்தேன், தாங்குகிறது. படம் ஒன்று எடுத்தேன், அதில் மூடி மட்டும்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து இன்னொன்று எடுப்பேன், ஸ்காபுறோ அண்ணைக்கு.


ஸ்காபுறோப் பனி | திங்கள், காலை 6.50

மூடியின் செலவு எவ்வளவு? பற்றுச்சீட்டையும் அனுப்புங்கள் தம்பி. (படமும்.)


பழைய பொருளாளர் | திங்கள், காலை 7.15

நல்லது. தீர்மானத்தில் மூடியும் கப்பியும் என்றல்லவா இருந்தது?


ஒழுங்கைக் கடைசி வீடு | திங்கள், பகல் 12.40

கப்பி ஸ்ரான்லி வீதியில் வாங்கிவிட்டேன் ஐயா. என் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடக்கிறது. மூடி பூட்டி முடிய இருட்டிவிட்டது, அதைக் கொழுவ மேலே இரும்புக் குழாய் ஒன்று குறுக்கே போட வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் முதலாவது விடயமாக அது வரும். பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.


பழைய பொருளாளர் | திங்கள், பகல் 12.55

கயிறு?


ஒழுங்கைக் கடைசி வீடு | திங்கள், பகல் 1.00

வாங்கவில்லை.